புது வர்ணமும் பழைய வண்டியும்

என் சிநேகிதர் ஒருவர் சென்ற வருஷம் ஒரு பழைய ஜீப் வண்டி வாங்கினார். வாங்கினார் என்பதைக் காட்டிலும் காந்தர்வ விவாகம் செய்து கொண்டார் என்று சொல்வதே பொருத்தமாயிருக்கும். குலம் கோத்திரம் விசாரிக்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை, கண்டதும் காதல், மறுநாளே கைப்பணம் முழுவதும் காலி!

"இது 1944-ஆம் வருஷத்து அமெரிக்க ஜீப், பர்மா யுத்தத்தில் ஓடிய வண்டி" என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். வண்டியும் அந்தச் சத்தியத்துக்கு ஏற்றபடியே காட்சியளித்தது. உடம்பெல்லாம் இராணுவப் பச்சை வர்ணம். பானெட்டின் மேல் பெரியதொரு வெள்ளை நட்சத்திரம். பக்கவாட்டில் ஒரு மண்வெட்டி. ஒரு ஜெனரல் மாத்திரந்தான் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகச் சிநேகிதர் தாமே கறுப்புக் கண்ணாடி அணிந்து வண்டியில் ஏறி அமர்ந்து, என்னையும் பக்கத்தில் ஏற்றிக் கொண்டார். பொள்ளாச்சிச் சாலையில் எட்டு மைல் போனோம். ஒன்பதாவது மைலில் வண்டி நின்றது. மற்ற விஷயங்களில் சிறிது தகராறு செய்தாலும், நிற்பதில் மட்டும் அது வெகு உறுதியாயிருந்தது.

அருகிலிருந்த ஒரு பட்டறைக்குத் தள்ளிக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் எழுபது வயதுக் கிழவர். ஊரார் எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே அழைத்தார்கள். அவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து மட்கார்டின் மேல் வைத்தார். அது 'டக்' என்று கீழே விழுந்தது. கதவோரத்தில் வைத்தார், அங்கேயும் விழுந்தது. பிறகு முன்புறத் தகட்டிலிருந்த பிளவுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.

"ஸார், வர்ணத்துக்கு விலை கொடுத்திருக்கீங்க. வண்டியை இனாமாய்க் கொடுத்திருக்காங்க" என்றார்.

சிநேகிதரின் முகம் வண்டியின் வர்ணத்துக்கு மாறியது.

* * *

பாய் ஏன் பிளவுகளை எண்ணினார் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஜீப்பின் பூர்வோத்தரத்தைச் சிறிது தெரிந்து கொள்ளுதல் அவசியம்.

1940-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு எரிந்து கொண்டிருந்தபோது, அமெரிக்க இராணுவத்தார் மேடு பள்ளங்களில் ஓடக்கூடிய ஒரு சிறு வண்டி வேண்டுமென்று கேட்டார்கள். மாதிரி வண்டியைச் செய்து கொடுப்பதற்குக் கெடு 49 நாட்கள்! பென்ஸில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் கம்பெனியார் அந்தக் கெடுவுக்குள் வண்டியைச் செய்து, செப்டம்பர் 23-ஆம் தேதி ஒப்படைத்தார்கள். ஆனால் கம்பெனி சிறியது. ஆகையால் பெருமளவில் உற்பத்தி செய்யும் வேலை வில்லீஸ், போர்டு என்னும் இரு பெரிய கம்பெனிகளுக்குப் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் இவ்விருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள்.

அந்த வண்டியில் அலங்காரம் என்பது கிடையாது. ஆனால் அதன் ஒவ்வோர் அங்கத்திலும் யோசனை உண்டு. முன் விளக்குகளை ஒரு திருகைத் தளர்த்திப் பின்புறமாகத் திருப்பினால் அவை எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். நடுக்காட்டில் இரவில் பழுது பார்ப்பதற்கு அது எவ்வளவு உபகாரம்! பெட்ரோல் தொட்டி ஓட்டுகிறவரின் ஆசனத்துக்கு அடியிலேயே அடங்கி விட்டது. கியர்த் தண்டின் அருகில் இன்னும் இரண்டு சிறு தண்டுகள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மற்றொன்றைத் தள்ளினால் வண்டி ஆமையைப்போல் மெதுவாகவும் யானையைப்போல் பலத்துடனும் நகரும். 60 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினைக் கொண்டு சேற்றிலும் மலையிலும் ஏறிய இரகசியம் இதுதான்.

யுத்த காலத்து ஜீப்பின் முன் தகட்டில் ஒன்பது பிளவுகள் இருக்கும். (மிக ஆரம்பத்தில் வந்த வில்லீஸ் வண்டிகளில் மட்டும் தகட்டுக்குப் பதிலாக இரும்புப் பட்டைகளை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.) யுத்தத்துக்குப் பிறகு ஜனங்களின் உபயோகத்துக்கென்று வில்லீஸ் கம்பெனியார் செய்த வண்டிகளில் பிளவுகள் ஏழாகக் குறைந்தன. 1953-ல் புது எஞ்சின் வந்தது. அது சற்று உயரமானது. ஆகையால் பானெட்டும் உயர்ந்தது. இந்த உயர்ந்த பானெட்டு ஜீப்பைத்தான் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் நம் நாட்டிலேயே செய்து வந்தார்கள். அமெரிக்காவில் அது 1960-களோடு நின்று போன பிறகும், இந்தியக் கிராமங்களில் பல்லாண்டுகள் அதன் வம்சம் தழைத்தோங்கிற்று.

சிநேகிதரின் வண்டியில் பிளவுகள் ஏழு. பானெட்டு உயரமானது. பர்மாவுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

* * *

பழைய ஜீப் வாங்கி ஏமாந்தவர் என் சிநேகிதர் ஒருவரே என்று எண்ண வேண்டாம். நமது தேசமே ஒரு முறை அந்த அனுபவத்தை அடைந்திருக்கிறது. காஷ்மீர யுத்த காலமாகிய 1948-ஆம் வருஷத்தில், லண்டனிலிருந்த இந்திய ஹைகமிஷனர் காரியாலயத்தின் மூலம், பழுது பார்த்த ஜீப்புகளை வாங்குவதற்கு ஏற்பாடு நடந்தது. வந்து சேர்ந்தவை 155. அவை இராணுவ உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று சொல்லப்பட்டது. பார்லிமெண்டில் வருஷக் கணக்காய் விவாதம் நடந்து, 1955-ல் விஷயம் முடிந்து விட்டதாகச் சர்க்கார் அறிவித்தார்கள். 'பழுது பார்த்தது' என்னும் இரண்டு வார்த்தைகளுக்குள் எவ்வளவோ ஒளிந்திருக்கலாம் என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

எனவே பழைய வண்டி வாங்க விரும்பும் அன்பர்கள் பாயின் முறையைக் கைக்கொள்வது நலம். முதலில் வண்டியின் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்க்க வேண்டும். அதாவது, கீழே படுத்து, சாஸி என்னும் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கணீரென்று இருந்தால் இரும்பு உயிரோடு இருக்கிறது. மந்தமாயிருந்தால் உள்ளே துரு குடியேறி விட்டது. யுத்த காலத்து ஜீப்புகளில் தரைத் தகட்டின் கீழே இருந்த தாங்கிகளுக்குள் மரச் சட்டங்களை வைத்திருந்தார்கள். அந்த மரம் தண்ணீரைக் குடித்துக் கொண்டு சுற்றியுள்ள தகட்டைத் தின்று விடும். காந்தம் ஒட்டாத இடங்களில் இரும்புக்குப் பதிலாகப் பட்டி பூசியிருக்கிறதென்று அறிக.

இரண்டாவதாக, எஞ்சின் நம்பரையும் அடிச்சட்டத்து நம்பரையும் ஆர்.ஸி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது, வண்டியின் அங்கங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். போர்டு கம்பெனியார் தாங்கள் செய்த ஜீப்பின் போல்ட்டுகளில் கூடத் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருந்தார்கள். வில்லீஸ் வண்டியின் முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாயிருக்கும். போர்டு வண்டியில் அப்படியிராது. கையில் கொஞ்சம் ஞானமும் முழங்காலில் கொஞ்சம் மண்ணும் இருந்தால் ஏமாறுவது கஷ்டம்.

* * *

சிநேகிதருடைய வண்டியில் ஒரே ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. நம்பர்கள் இரண்டும் புத்தகத்தோடு சரியாக ஒத்திருந்தன. முதற்பதிவு 1969-ஆம் வருஷம். "பொய் வர்ணத்துக்குள்ளே ஓர் உண்மையான வண்டி இருக்கு. வேண்டுமானால் வெளியே எடுக்கலாம்" என்றார் பாய்.

அந்த வேலை ஏழு மாதம் நடந்தது. வாரந்தோறும் நானும் போய் வேடிக்கை பார்த்தேன். பாய் முதலில் செய்த காரியம், ஒன்றையும் கழற்றுவதற்கு முன் தம் பேரனைக் கொண்டு எல்லாவற்றையும் போட்டோ எடுக்கச் சொன்னதுதான். கழற்றுவது எளிது, ஆறு மாதம் கழித்து எந்தத் திருகாணி எங்கேயிருந்தது என்பது பிரம்மாவுக்கும் மறந்து போகுமல்லவா?

பிறகு பிரேக். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய் வழிதான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருங்கே போய்விடும். பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. ஆகையால் குழாய்களையும் ரப்பர்களையும் அடியோடு மாற்றினார். இக்காலத்துப் பெட்ரோலில் எதனால் கலப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறிக் கெடும், அவற்றையும் மாற்றினார். எஞ்சினை உடனே முடுக்கி விடவில்லை. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் வார்த்து, இரண்டு நாள் ஊறவிட்டு, கையாலேயே மெள்ளச் சுழற்றிப் பார்த்தார். நெடுநாள் உறங்கியவனை எழுப்புவது போல் அவ்வளவு பரிவு!

துருப்பிடித்த தகட்டை வெட்டியெறிந்து, அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைத்தார். வர்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

வர்ணத்தைச் சுரண்டும்போதுதான் அந்த அதிசயம் நிகழ்ந்தது. பச்சைக்குக் கீழே மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே நீலம். அதற்கும் கீழே வெள்ளை. அந்த வெள்ளையின் மேல், தலைகீழாக நின்ற ஒரு சிவப்பு முக்கோணம்! பக்கத்தில் 'ஆரம்ப சுகா' என்று அரைகுறையாகச் சில எழுத்துக்கள்.

1960-களின் பிற்பகுதியில் நாடெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அடையாளமாய் விளங்கிய முக்கோணம் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வண்டியாகத் தன் வாழ்வைத் தொடங்கி, ஏலத்தில் போய், தோட்டத்துக்கு உரமூட்டை சுமந்து, கடைசியில் வேஷதாரியாகிச் சிநேகிதரிடம் வந்திருக்கிறது நமது ஜீப்.

சிநேகிதருக்கு மனம் சோர்ந்து விட்டது. "யுத்த வண்டி என்று சொல்லிக் கொள்வது எங்கே, குடும்பக் கட்டுப்பாட்டு வண்டி என்று சொல்லிக் கொள்வது எங்கே? பாய், பேசாமல் நட்சத்திரத்தையே திரும்பப் போட்டு விடுங்கள்" என்றார்.

பாய் பதில் சொல்லவில்லை. சுரண்டியை மட்டும் கீழே வைத்து விட்டார்.

* * *

ஒரு வண்டியின் உண்மையான சரித்திரம் எது என்பது இலேசான கேள்வி அன்று. வங்காளத்தில் டார்ஜிலிங் ஜில்லாவைச் சேர்ந்த மானேபஞ்சாங் என்னும் மலைக் கிராமத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு வெகு காலமாய்ப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றவை பழைய லாண்ட்ரோவர் வண்டிகள். இந்த லாண்ட்ரோவரும் ஒருவிதத்தில் ஜீப்பின் சந்ததியே. மாரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் பண்ணையில் ஒரு யுத்த ஜீப்பை உபயோகித்துப் பார்த்து, அதைப் போல ஒன்றைச் செய்ய எண்ணினார். 1948-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியாயிற்று. உருக்குக்குப் பஞ்சமான காலமாதலால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் இமயமலையின் ஈரத்திலும் அதன் மேனி துருப்பிடிக்கவில்லை.

தேயிலைத் துரைமார்கள் விட்டுச் சென்ற அந்த வண்டிகளை மலைவாசிகளான டிரைவர்கள் தங்கள் கைத்திறமையால் பல பத்தாண்டுகள் ஓட வைத்தார்கள். அசல் எஞ்சின்கள் தேய்ந்தபோது பலர் இந்திய டீஸல் எஞ்சினைப் பொருத்திக் கொண்டார்கள். அசல் பொருளிலேயே அபிமானமுள்ளவர்கள் இதைப் பார்த்து, 'ஐயோ, சிதைத்து விட்டார்களே!' என்பார்கள். ஆனால் அந்த டீஸல் எஞ்சின் இல்லையென்றால் வண்டி என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். டிரைவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கும்.

2021-ல் இந்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி செய்தார்கள். முதற்பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டு, அடிச்சட்டமும் கூடும் எஞ்சினும் பெரிதும் மாறாமலிருந்தால், ரூ. 20,000 கட்டிப் பத்து வருஷத்துக்குத் தனிப் பதிவு பெறலாம். ஆனால் அத்தகைய வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்ற காரியங்களுக்கு ஓட்டலாமே தவிர, வாடகைக்கு விடக் கூடாது. தினசரி உபயோகமும் கூடாது. பாதுகாப்புக்கு நல்ல விதிதான். எனினும், உழைத்தே உயிர் பிழைத்த மலை வண்டிகளுக்கு அந்தக் கௌரவம் கிட்டுவது அரிது. பட்டு விரித்த பீடத்தில் வைப்பதும் மரியாதைதான். வேலை கொடுப்பதும் மரியாதைதான். பிறருடைய பதக்கத்தைக் குத்தி விடுவது மட்டும் எந்த வகையிலும் மரியாதையாகாது.

* * *

இவ்வளவையும் நான் சிநேகிதரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், மனம் ஆடவில்லை. ஒரு வாரம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, வெள்ளை மேனியும் முக்கோணமுமாகவே வண்டியை ஓட்டிக் கொண்டு புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். இம்முறை ஒன்பதாவது மைலில் வண்டி நிற்கவில்லை.

வழியில் ஒரு கிராமத்துச் சந்தையில் காய்கறி வாங்குவதற்காக நிறுத்தினோம். தலை நரைத்த பாட்டி ஒருத்தி, கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்து விட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முக்கோணத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"ஏந் தம்பி, ஆஸ்பத்திரி ஜீப்பு மறுபடியும் வர ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டாள். "இது மாதிரி வண்டியிலேதான் ராவோட ராவா என்னை ஏத்திக்கிட்டுப் போனாங்க. என் மூத்த மகன் பொழைச்சது அப்படித்தான்."

சிநேகிதர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "ஏறிக்குங்கம்மா, ஊரிலே கொண்டு போய் விடுகிறேன்" என்றார்.

அதன் பிறகு நட்சத்திரத்தைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் பாயிடம் போய், அந்த முக்கோணம் அழியாதபடி மேலே பூசுவதற்கு ஏதாவது உண்டா என்று மட்டும் விசாரித்தாராம்.