பேனா பிடித்தவரும் ஏமாறுவார்

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. பத்திரிகைக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். சந்தேகப்படுவதுதானே அவர் தொழில்! எனக்கு அந்த நம்பிக்கை போய்ப் பல வருஷமாகிறது.

லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் பெர்னார்ட் லெவின் என்று ஒருவர் எழுதிவந்தார். யாரையும் விட்டுவைக்காத பேனா. தன் மனைவியின் நிகழ்ச்சியைக் குறைசொல்லி எழுதியதற்காக, 1963ல் ஒருவர் தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பிலேயே அவரைக் குத்தினார். அப்பேர்ப்பட்டவர்தான் புனேயில் இருந்த ரஜனீஷ் ஆசிரமத்துக்கு வந்து, மனம் மயங்கி, 1980ல் புகழ்ந்து தொடர்கட்டுரைகள் எழுதினார்.

எப்படி மயங்கினார்? ரஜனீஷ் மதகுருமார்களையும் அரசியல்வாதிகளையும் கேலி செய்வார். எல்லோரையும் சந்தேகிக்கிறவருக்கு, "இவர் நம்ம ஆள்" என்று தோன்ற அதுவே போதும். சுற்றிலும் சிரித்த முகங்கள் வேறு. விருந்தாளிக்குக் கூடம்தான் தெரியும், அடுப்படி தெரியாது.

1981ல் ரஜனீஷ் அமெரிக்கா போனார். 1984ல் ஓரிகன் மாநிலத்தில் டேல்ஸ் என்ற ஊரில், உணவகங்களின் சாலட்டில் அவரது ஆட்கள் கிருமி கலந்தார்கள். உள்ளூர்த் தேர்தலில் மற்றவர்கள் ஓட்டுப்போட வராமல் தடுக்கும் திட்டம். 751 பேர் நோயில் விழுந்தார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் ரஜனீஷ். செயலாளர் ஷீலா சிறைக்குப் போனார்.

இதெல்லாம் 1980ல் லெவினுக்குத் தெரிந்திருக்க முடியாதுதான். ஆனால் தனக்குக் கிடைத்த நிம்மதியை வீட்டோடு வைத்துக்கொள்வது வேறு, பத்திரிகையில் எழுதுவது வேறு. அவர் பெயரைப் பார்த்து நம்புகிறவர்கள் இருக்கிறார்களே!

லெவினைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வங்கியில் இருந்தபோது எங்கள் சங்க மலரில் ஒரு சாமியாரைப் பற்றி நானும் உருகி எழுதினேன். இரண்டு நாள் அங்கே தங்கியதுதான் என் ஆராய்ச்சி. அங்கிருந்து வெளியேறியவர் ஒருவரைக்கூடத் தேடிப் பேசவில்லை, கணக்கு வழக்கும் கேட்கவில்லை. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஓய்வுபெற்ற கையோடு வந்த பணத்தில் பாதியை அங்கே கொடுத்தார். திரும்பி வரவில்லை.

"நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் சார் போனேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.