ஒரு சிந்தசைசர் பெடல் வாங்குவது குறித்துச் சில கருத்துகள்

எங்கள் கலைக்குழுவின் பாஸ்புக்கில் இன்றைய தேதிக்கு இருப்பது 18,400 ரூபாய். வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிற ஒரே காரணத்துக்காகப் பொருளாளர் பொறுப்பும் என் தலையில் கட்டப்பட்டது. பகலெல்லாம் யார் யாருடைய பணத்தையோ எண்ணித் தள்ளுகிறவனுக்கு இந்தப் பணத்தை எண்ணும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்குகிறது. கூட்டம் முடிந்ததும் துண்டை விரித்து வாங்கிய பத்தும் இருபதும், பாட்டுப் புத்தகம் விற்ற காசும், ஒரு விடுதி மாணவர்கள் வசூலித்துக் கொடுத்ததும் சேர்ந்த பணம் இது. இதை எடுத்து, குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிற தம்பிக்கு ஒரு சிந்தசைசர் பெடல் வாங்கலாமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது என்பதுதான் மூன்று கூட்டங்களாக முடிவுக்கு வராமல் இழுபடுகிற விவகாரம்.

ஒரு பெடலுக்கு இத்தனை பேச்சா என்று சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எந்த ஒலி யாருக்குரியது, எந்தக் கருவியை யார் தொடலாம் என்பதெல்லாம் நம் முதுகுக்குப் பின்னால் முடிவாகிக்கொண்டிருந்த சமூகம் இது. நம் காசில், நம் கூட்டத்தில், நாமே வாய்ச்சண்டை போட்டு ஒரு ஒலியைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

குழுவில் மூன்று கட்சிகள் உருவாகியிருக்கின்றன. முதல் கட்சி, பெடலே கூடாது என்கிறது. ‘எலக்ட்ரானிக் ஒலி ஏகாதிபத்தியச் சந்தையின் ஒலி, நம்முடைய மூல இசை பறை மட்டுமே, அதன் தூய்மை கெடக்கூடாது’ என்று நன்றாகப் படித்த ஒரு தோழர் பேசினார். இரண்டாவது கட்சி இளைஞர்களுடையது. இருப்பதிலேயே பெரிய டிஜிட்டல் பெட்டியை வாங்கிவிட வேண்டும் என்கிறார்கள். மூன்றாவது கட்சியில் இப்போதைக்கு நான் ஒருவன்தான். பறை வாசிக்கிற சித்தப்பா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தப் பொட்டி போடுற சத்தத்துல என் தோலு சத்தம் எங்கடா கேக்கும்?”

முதல் கட்சிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூய்மை என்கிற சொல்லை நாம் யாரிடமிருந்து கடன் வாங்குகிறோம் என்று தோழர் யோசிக்க வேண்டும். நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சொல் அது. அதைப் பறைக்குப் பூட்டி அழகு பார்க்க வேண்டியதில்லை. பேஸ் கிதாரே 1951இல் லியோ ஃபெண்டர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கருவிதான். அது நம் மேடைக்கு வந்தபோது யாரும் தீட்டு சொல்லவில்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் மின்கிதாரும் ஒன்றாகத்தான் நின்றன. பறை அங்கே சிறுத்துப் போய்விடவில்லை.

இந்தப் பெடல் ஒலியின் வரலாற்றையும் தோழர் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் மேளம் கொட்டி எழுந்தார்கள். எழுச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1740இல், அடிமைகள் மேளமோ கொம்போ வேறு உரத்த கருவிகளோ வைத்திருப்பதைச் சட்டம் தடை செய்தது. தோல்கருவியைக் கண்டு அதிகாரம் நடுங்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தி இல்லை. அந்த மக்களின் வாரிசுகள் 1970களில் என்ன செய்தார்கள்? ‘உனக்குத் தாளம்தான் வரும், உடம்புதான் உன் கருவி’ என்று வெள்ளைச் சமூகம் ஒதுக்கிக் கொடுத்த மூலையில் உட்கார மறுத்து, அன்றைக்கு இருந்ததிலேயே புதிய மின்கருவிகளில் கை வைத்தார்கள். ஸ்டீவி வொண்டர் 1972இல் ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டுக்கு பேஸைக் கிதாரில் வாசிக்கவில்லை, மூக் சிந்தசைசரில் வாசித்தார். ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் குழு ‘ஃபிளாஷ் லைட்’ என்று ஒரு பாட்டுப் போட்டது. 1977இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அதில் பெர்னி வொரல் மினிமூக்கில் வாசித்த பேஸ், கேட்கிறவன் வயிற்றைப் பிசையும். 1978இல் அந்தப் பாட்டு கறுப்பர் இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதே கூட்டத்து பூட்ஸி காலின்ஸ் பேஸ் கிதாரிலேயே அப்படியொரு ஒலியைத் தேடினார். அவர் கையில் அகப்பட்டது 1972இல் வந்த ம்யூ-ட்ரான் 3 என்கிற பெட்டி. கம்பியை மெதுவாகத் தட்டினால் முணுமுணுக்கும், ஓங்கித் தட்டினால் ‘வ்வ்வா’ என்று வாய் திறக்கும். மேடையில் விண்கலத்தையே இறக்கினார்கள் அவர்கள். அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் விண்கலத்திலிருந்து இறங்கி வருகிறார்கள் என்றால், அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த ஒலியைச் சந்தையின் ஒலி என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது, அவர்களுடைய உழைப்பை அவர்களிடமிருந்து இன்னொரு முறை பிடுங்குவதாகும்.

இனி பெட்டிக்கு வருவோம். மாணவ நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். கடையில் ‘பேஸ் சிந்த்’ என்று எடுத்துப் போடுகிறவை ஒரே சாதிப் பண்டமல்ல (இந்தச் சொல் எப்படித்தான் வாயில் வந்து விழுகிறது பாருங்கள்!), குறைந்தது மூன்று விதம்.

ஒன்று, என்வலப் ஃபில்டர். புதிதாக எந்த ஒலியையும் இது உண்டாக்காது. நீங்கள் எவ்வளவு வேகமாகக் கம்பியைத் தட்டுகிறீர்கள் என்று அளந்து, அந்த அளவுக்கு ஒரு சல்லடையைத் திறந்து மூடும். ம்யூ-ட்ரான் இந்த இனம். எம்.எக்ஸ்.ஆரின் பேஸ் என்வலப் ஃபில்டரும் இதுதான். அதில் ஒரு நல்ல ஏற்பாடு, கிதாரின் அசல் ஒலிக்கு ஒரு குமிழ், சல்லடை ஒலிக்கு ஒரு குமிழ் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, அனலாக் சிந்த் பெட்டி. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் மைக்ரோ சிந்தசைசர் இதற்கு நல்ல உதாரணம். அசல் ஒலியோடு ஒரு எட்டு மேலே, ஒரு எட்டு கீழே, கரகரப்பான சதுர அலை ஒன்று என்று நான்கு குரல்களைக் கலந்து, அதைச் சல்லடை வழியாக அனுப்பும். சல்லடை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைக்கூட நாமே தள்ளி வைக்கலாம். ஆனால் வைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளாது, மேடைக்கு மேடை நாம்தான் மறுபடி தள்ள வேண்டும். மின்சாரமும் வழக்கமான 9 வோல்ட் போதாது, 24 வோல்ட் கேட்கும்.

மூன்று, இளைஞர்கள் கேட்கிற டிஜிட்டல் பெட்டி. பாஸ் எஸ்.ஒய்.-1 ஐத்தான் அவர்கள் மனசில் வைத்திருக்கிறார்கள். 121 ஒலிகள். முன்பெல்லாம் கிதார் சிந்தசைசர் என்றால் ஒவ்வொரு கம்பிக்கும் தனி பிக்கப் ஒட்ட வேண்டியிருந்தது. இதற்கு அது வேண்டாம், சாதாரண வயர் போதும். கிதாரா பேஸா என்று சொல்ல ஒரு சுவிட்ச் வேறு. நல்ல பெட்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் நாங்கள் வாசிக்கிற இடம் எது? அதைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் பார்ப்பதுதான் இளைஞர்கள் செய்கிற தவறு. நாலு கம்பி பேஸ் கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. அதற்கும் ஒரு எட்டு கீழே போனால் 20. மனிதக் காதின் எல்லையே அதுதான். எங்கள் கூட்டங்களுக்கு மைக்செட்காரர் கொண்டுவந்து மரத்தில் கட்டுகிற குழாய், சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே எதையும் பேசாது. அப்படியிருக்க, காசு கொடுத்து வாங்கிய அடிவயிற்று ஒலி ஆம்ப்ளிஃபயரின் சக்தியைத் தின்றுவிட்டு மேடையோடு செத்துவிடும். கூட்டத்தின் கடைசியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அக்காவுக்கு எது போய்ச் சேரும்? நடுப்பகுதி ஒலி சேரும். சல்லடை வாய் திறந்து மூடுகிற அந்த ‘வா’ குழாய் வழியாகவும் கேட்கும்.

இன்னொரு சிக்கல் தாளம். சுருதி இன்னதென்று கண்டுபிடித்த பிறகே ஒலிக்கிற பெட்டி, குறைந்தது ஒரு அலை முடிகிற வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தடித்த கம்பியில் ஒரு அலைக்கு நொடியில் ஆயிரத்தில் 24 பங்கு ஆகும். புதிய டிஜிட்டல் பெட்டிகள் இந்தத் தாமதத்தைப் பெரும்பாலும் கடந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கைக்கு எட்டுகிற பழைய, செகண்ட்ஹேண்ட் பெட்டிகளில் பல தடித்த கம்பியில் தடுமாறும், இரண்டு கம்பியைச் சேர்த்துத் தட்டினால் உளறும். சித்தப்பாவின் அடிக்குச்சி விழுந்த பிறகு பேஸ் வந்து சேர்ந்தால், “யார்றா அது தூங்குறது?” என்று மேடையிலேயே கேட்டுவிடுவார். சல்லடைப் பெட்டிக்குச் சுருதி தெரிய வேண்டியதில்லை. அடி விழுந்தது தெரிந்தால் போதும்.

சித்தப்பாவின் கேள்வியைத் தூய்மைவாதத்தோடு சேர்த்துவிடக்கூடாது. அது தொழில் தெரிந்தவரின் கேள்வி. சல்லடையை ரொம்ப மேலே திறந்து, கூர்மையையும் கூட்டிவிட்டால், பறையின் அடி தெறிக்கிற இடத்திலும் பாடுகிறவரின் குரலிலும் போய் பேஸ் முட்டிக்கொள்ளும். ஆகவே சென்சிடிவிட்டியும் கூர்மையும் குறைத்து வைக்கக்கூடிய பெட்டியாக இருக்க வேண்டும். ஒத்திகையில் சித்தப்பா தோலைக் காய்ச்சி முடித்த பிறகு, அவர் வாசிக்கிறபோதுதான் குமிழ்களைத் திருப்ப வேண்டும், தனியாக வீட்டில் உட்கார்ந்து திருப்பக்கூடாது. அசல் ஒலிக்குத் தனிக் குமிழ் இருந்தால் பேஸின் அடித்தளமும் காணாமல் போகாது.

இதை எல்லாம் கடையில் சோதித்துப் பார்க்கத்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைக் காட்டி, “இதக் கொஞ்சம் மாட்டிப் பாக்கலாமாண்ணே?” என்றான் தம்பி. விற்பனையாளர் அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “வாங்குறதா இருந்தாத்தான் வெளிய எடுப்போம். சும்மா தொட்டுப் பாக்குறதுக்கெல்லாம் தர்றதில்ல.” பத்து நிமிஷம் கழித்துக் காரில் வந்து இறங்கிய ஒரு பையனுக்கு அதே பெட்டி வெளியே வந்தது, வயர் வந்தது, உட்கார ஸ்டூலும் வந்தது. அவன் அரைமணி நேரம் வாசித்துவிட்டு எதையும் வாங்காமல் போனான். தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், “ஆன்லைன்லயே போட்டுறலாம்ணே, அங்க யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க” என்றான். மறுநாள் கவுண்டரில் நோட்டு எண்ணும்போது இரண்டு தடவை கணக்குத் தப்பியது எனக்கு.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையால் தொட்டு, நம் கிதாரை மாட்டிக் காதால் கேட்காமல் பெடல் வாங்கக்கூடாது. தட்டுகிற கையின் பலத்தைப் பொறுத்தே பேசுகிற கருவியை இன்னொருவன் வாசித்த வீடியோவைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்காமலே வாங்கப் பழகிவிட்டால், அந்தக் கண்ணாடிப் பெட்டி யாருக்காகவும் திறக்காது. அடுத்த முறை ஆறுபேராகப் போவோம், சொந்த கிதாரோடும் சொந்த வயரோடும். அங்கே தராவிட்டால், பழைய பெடல் விற்கிற வாசிப்பாளர்களின் வீடுகளுக்குப் போவோம். அவர்கள் மாட்டிப் பார்க்க விடுவார்கள்.

ஆகவே பொதுக்குழுவில் என் ஓட்டு இப்படி: முதலில் ஒரு என்வலப் ஃபில்டர், செகண்ட்ஹேண்டாக, அசல் ஒலிக்குத் தனிக்குமிழ் உள்ளதாக. 9 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கட்டும். அடாப்டரை மறக்காமல் சேர்த்து வாங்க வேண்டும். போன வருஷம் நடுவில் பாசிட்டிவ் உள்ள ஏதோ ஒரு அடாப்டரைச் சொருகி, இரவல் வாங்கிய ஃபஸ் பெடலைப் புகைய வைத்தவன் நான்தான். பிறகு காசு சேர்ந்தால் ஒரு ஆக்டேவர். முதலில் ஆக்டேவர், அப்புறம் ஃபஸ், கடைசியில் ஃபில்டர் என்று வரிசையாகக் கோர்த்தால் சிந்தசைசருக்கு வெகு பக்கத்தில் போய்விடலாம். கையின் அழுத்தம் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஃபில்டரை ஃபஸ்ஸுக்கு முன்னால் மாற்றிப் பார்க்கலாம். மிச்சப் பணம் பறைக்குத் தோல் மாற்றவும் வண்டி வாடகைக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

“இ.எம்.ஐ.ல பெருசா எடுத்துறலாமே தோழர்” என்கிறார்கள். தவணை தவறியவர்கள் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற நிற்பை நான் மாதாமாதம் பார்க்கிறேன். துண்டில் விழுந்த காசை வட்டியாகக் கட்டுவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பொருளாளர் பதவியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் நான் தோற்றுப்போகலாம். 121 ஒலிகளின் கட்சிக்கு ஆள் அதிகம். தோற்றாலும், அந்தப் பெட்டியை வாங்கப் போகிற ஆறு பேரில் நானும் ஒருவனாக இருப்பேன். வேறு ஊர்க் குழுக்களில் பறையோடு பேஸ் வாசிக்கிற நண்பர்கள் இருந்தால், எந்தப் பெட்டி, எந்த மேடை, என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். மறுப்புகளையும் எழுதுங்கள். சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.