முகக்கவசமும் ஜனங்களின் அபிப்பிராயமும்

கொரோனா நோய் ஓய்ந்து ஆண்டுகள் சில கடந்த பின்னும், சேலத்திலும் நாமக்கல்லிலும் படித்தவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஓர் அபிப்பிராயம் மட்டும் அசையாமல் நிலைத்திருக்கிறது. நம் ஜனங்களுக்கு முகக்கவசத்தின்மேல் சுபாவமாகவே வெறுப்பு உண்டு, அதன் பிரயோஜனத்தை அவர்கள் நம்பவில்லை, அபராதத்துக்கு அஞ்சியே அணிந்தார்கள், இவையனைத்தும் கணக்கெடுப்புகளால் நிரூபணமாகிவிட்டன என்பது அது. இதன் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அளந்தது ஒன்றாகவும் அளந்ததாகச் சொல்வது வேறொன்றாகவும் இருக்கக் காண்கிறோம்.

முதலில் காட்டப்படும் சான்று, 2021 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் பத்திரிகையாளர்களிடம் எடுத்துரைத்த கணக்கு. 25 நகரங்களில் 2,000 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வின்படி, பாதிப்பேர் கவசம் அணியவில்லை. அணிந்தவர்களிலும் 64 சதவீதத்தினர் வாயை மூடி மூக்கை விட்டுவிட்டனர். 20 சதவீதத்தினருக்கு அது தாடையில் கிடந்தது. முறையாக அணிந்தவர் 14 சதவீதத்தினரே. இந்த எண்களை நான் மறுக்கவில்லை. துணி எங்கே இருந்தது என்பதை அவை சொல்கின்றன. துணிக்குரியவரின் மனம் எங்கே இருந்தது என்பதை நாமே அனுமானித்துச் சேர்த்துக்கொள்கிறோம்.

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் சற்று நேரம் நின்றவர்களுக்கு இது விளங்கும். தறிகள் போடும் இரைச்சலில் பக்கத்துத் தறிக்காரர் சொல்வது காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்தும் கைச்சாடை காட்டியுமே பேச்சு நடக்கிறது. வாயை மூடினால் அங்கே பாதிப் பேச்சு நின்றுபோகும். ஆயினும் அதே மனிதர், பஞ்சுத் தூசு அதிகமாகப் பறக்கிற வேளையில், எந்த சுகாதார ஆய்வாளரும் வந்து சொல்லாமலே, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். நாமக்கல் கோழிப்பண்ணையில் எரு அள்ளுகிற பெண்ணும் நெடி தாங்காமல் முந்தானையால் அதையே செய்கிறாள். சித்திரை வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய நண்பகலில் இவ்விருவரையும் பேருந்து நிலையத்தில் பார்த்து எண்ணுகிறவர் ‘அணியாதோர்’ பத்தியில் இரண்டு கோடு போடுவார். அன்று காலையில் பார்த்திருந்தால் எதிர்ப்பத்தியில் போட்டிருப்பார். (ஒலிபெருக்கியின் முன் வந்ததும் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு முகக்கவசத்தின் அவசியத்தைப் பற்றி உபதேசம் செய்த பெருமக்களையும் நாம் தொலைக்காட்சியில் கண்டோம், அவர்களுக்கு வெறுப்பு என்று ஒருவரும் எழுதவில்லை.)

‘நாங்கள் பார்த்ததோடு நிற்கவில்லை, கேட்டும் தெரிந்துகொண்டோம்’ என்பது அடுத்த வாதம். முழுதும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முழுதும் மறுக்கிறேன் என்பது வரையில் படிப்படியாக விடை வாங்கும் முறை, அமெரிக்கரான ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வகுத்தது; அது பயனுள்ள கருவியே. ஆனால் ஊரடங்குக் காலத்தில் முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘வெளியே போகும்போது மாஸ்க் போடுகிறீர்களா?’ என்று கேட்டால், எடப்பாடிப் பக்கத்து விவசாயி, ‘போடாம இருக்கலாமுங்களா?’ என்றுதான் சொல்வார். கேட்டவருக்குச் செய்யும் மரியாதை அது. அவர் முகத்தில் அன்று என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியாகாது. சொல்லும் செயலும் இப்படிப் பிரிந்து நிற்பது நம்மூர் விசேஷமும் அன்று. ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியல் பேராசிரியர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவெங்கும் பயணம் செய்து 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தபோது, ஓரிடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பின்னர் அவர் கடிதம் எழுதிக் கேட்டபோதோ, பதில் தந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சீனரை ஏற்கமாட்டோம் என்று எழுதினார்கள். 1934இல் அவர் இதை வெளியிட்டார்.

ஜனங்கள் நம்பவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வீட்டில் தைத்த துணியையாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு 2020 ஏப்ரலில் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கு அதைப் பரிந்துரைத்ததோ ஜூன் 5ஆம் தேதி. நிபுணர்களே தயங்கியபோது அதற்குப் பெயர் நிதானம்; ராசிபுரத்துக்காரர் தயங்கினால் அது அறியாமையா?

சங்கடம் இருந்தது மெய்தான். அது எத்தகைய சங்கடம் என்று அறிய மாட் ஹவர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 2020இல் ஓர் அளவுகோலை உருவாக்கி, வசதி, பயன்பற்றிய ஐயம், தோற்றம், சுதந்திரம் முதலான எட்டுக் கூறுகளாக அதைப் பிரித்தார். அந்த எட்டுக்குள்ளும் நேராக அடங்காத ஒன்று நம் சமவெளிக் கிராமங்களில் உண்டு. பாட்டனார் காலத்தில் பண்ணைக்காரர் எதிரே துண்டை இடுப்பில் கட்டி, கையால் வாய் பொத்தி நிற்க வேண்டியிருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று நிமிர்ந்து பேருந்தில் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவனை அதிகாரி ஒருவர் எல்லார் முன்னிலையிலும், ‘ஏய், வாயை மூடு’ என்று அதட்டினால், அவன் முகம் கறுப்பது எதனால் என்பதை எந்தப் புள்ளி மதிப்பெண் சொல்லும்? அவனிடம் மரியாதையாகச் சொல்லியிருந்தால் அவன் மறுத்திருப்பான் என்பதற்கு ஆதாரம் ஏது?

இனி அபராதம். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2020 செப்டம்பரில் விதித்த 200 ரூபாய், 2022 ஜனவரியில் 500 ஆயிற்று. எந்த ஊரில் எவ்வளவு வசூலாயிற்று என்ற பட்டியல், வசூலிக்க எத்தனை பேர் எத்தனை நாள் நின்றார்கள் என்பதையே முதலில் சொல்லும். அபராதமின்றி அணியமாட்டார்கள் என்பதற்கு வங்காள தேசமே மறுப்பாக நிற்கிறது. 2020 நவம்பர் தொடங்கி அங்கே 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடையே ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் கொண்டு சொல்லச் செய்து, அணியாமல் எதிர்ப்பட்டவரைத் தண்டியாமல் நினைவூட்டினார்கள். மசூதி, சந்தை, தேநீர்க்கடை என்று போய் ஆட்களே கண்ணால் பார்த்து எண்ணினார்கள். இவை எதுவும் நடவாத கிராமங்களில் முறையாக அணிந்தவர் 13 சதவீதம். நடந்த கிராமங்களில் 42. கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியதாலோ ஊருக்குப் பரிசு அறிவித்ததாலோ அதற்குமேல் கூடவில்லை. வெறுப்பே காரணமென்று வாதிப்போர், எட்டு வாரங்களில் நூற்றுக்கு 29 பேரின் வெறுப்பு எங்கே போயிற்று என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.