ரெண்டு டிக்கெட், ஒரு பயணம்: முதல் விமானம் லேட்டானால் நஷ்டம் யாருக்கு?

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒருவர் தோஹாவுக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவை–சென்னைக்கு ஒரு கம்பெனியில் டிக்கெட், சென்னை–தோஹாவுக்கு வேறொரு கம்பெனியில் டிக்கெட். தனித்தனியாகப் போட்டதில் கொஞ்சம் பணம் மிச்சம். ஆனால் கோவையில் விமானம் 3 மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்குவதற்குள் தோஹா விமானம் கிளம்பிவிட்டது. நஷ்டம் யாருக்கு?

முழுக்க பயணிக்குத்தான்.

ஏன் இப்படி?

ஒரே பிஎன்ஆர் எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் 'வராத பயணி'. முதல் நிறுவனமோ, தோஹா டிக்கெட் எங்களுடையது இல்லை என்று கையை விரித்துவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத அடி ஒன்று உண்டு. தோஹாவுக்குப் போக வர சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தால், போகும் விமானத்தைத் தவறவிட்டாலே திரும்பி வரும் டிக்கெட்டும் பொதுவாக ரத்தாகிவிடும்.

இழப்பீடு கிடைக்காதா?

விமானம் ரத்தாவதை முன்கூட்டியே சொல்லாமல், சரியான மாற்று விமானமும் தராவிட்டால் டிஜிசிஏ விதிப்படி இழப்பீடு உண்டு. பயண நேரத்தைப் பொறுத்து உச்சவரம்பு ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான். புயல், மழை காரணம் என்றால் அதுவும் இல்லை. கோவை–சென்னை டிக்கெட்டுக்குக் கிடைக்கும் காசை வைத்து தோஹாவுக்குப் புது டிக்கெட் எடுக்க முடியுமா என்ன?

இது எப்போதோ நடக்கிற விஷயமும் இல்லை. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலால் ஓடுபாதையில் தண்ணீர் நின்று சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலின்போதும் அதே கதை. 2025 டிசம்பர் 5-ல் வானம் தெளிவாக இருந்த ஊர்களில்கூட விமானம் இல்லை. பைலட்களின் பணி நேர விதிகள் மாறியதற்குத் தயாராகாத இண்டிகோ, அந்த ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற விமானங்களில் கட்டணம் எகிற, மறுநாள் மத்திய அரசே உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆப்பில் ஒரே பயணம் போலக் காட்டிவிட்டு, பணம் கட்டியதும் இரண்டு பிஎன்ஆர் வருவதும் உண்டு. ஏஜென்ட்டிடம் போட்டால், "பிஎன்ஆர் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

தனி டிக்கெட்தான் என்றால் இடையில் 3 மணி நேரம் போதாது. சென்னையில் இறங்கி, லக்கேஜை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சர்வதேச முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த கவுன்ட்டரை விமானம் புறப்படும் முன், பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். முதல் நாளே சென்னை போய்ச் சேருவதுதான் பாதுகாப்பு. அதற்கு விமானம்கூட வேண்டாம். பாலக்காடு–சென்னை ரயில் பழனியில் நின்றுதான் போகிறது. மழைக்காலத்தில் ரயிலும் தடைபடலாம் என்பதால், விமானம் இரவில் என்றாலும் முந்தைய நாள் ரயிலே நல்லது.

வெளிநாட்டில் விமானம் மாறுகிறீர்களா? தனி டிக்கெட் என்றால் லக்கேஜ் எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். விசா இல்லையென்றால் கோவையிலேயே ஏற்ற மறுக்கலாம்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள், தனி டிக்கெட்டில் இணைப்பு விமானம் தவறினால் பணம் உண்டா, முதல் விமானம் எத்தனை மணி நேரம் தாமதமாக வேண்டும் என்ற இரண்டையும் பாலிசியில் படித்துப் பாருங்கள்.

அன்றைக்கே லேட் என்று தெரிந்துவிட்டால், கோவையில் உட்கார்ந்தபடியே இரண்டாவது நிறுவனத்துக்கு போன் போடுங்கள். விமானம் கிளம்பும் முன் தேதி மாற்றக் கேட்டால், கட்டணம் போனாலும் டிக்கெட் பிழைக்க வாய்ப்புண்டு. முதல் நிறுவனத்திடம் தாமதத்துக்கான கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கும் ஏர்சேவா புகாருக்கும் அது தேவைப்படும். விமானத்தைத் தவறவிட்டாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. 'ரீஃபண்ட் இல்லை' என்று போட்ட டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கேட்டு வாங்குங்கள்.