கலியாணமும் படமும்

சத்திரத்திற்கும் நாயனத்திற்கும் அச்சாரம் கொடுக்கும் கையோடு, படம் பிடிப்பவருக்கும் இப்பொழுது கொடுத்துவிடுகிறோம். நல்லதுதான். ஆனால், முகூர்த்தத்தன்று எந்தச் சடங்கு எதன்பின் வரும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் யார்?

1839-ம் வருஷம் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது, ஒரு படத்திற்குப் பல நிமிஷம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இன்றோ, ஒரு விநாடியில் பத்துப் படம் எடுக்கும் கருவிகள் உண்டு. ஆயினும் மாங்கல்யதாரணம் ஒரே தடவைதான். கெட்டிமேளம் முழங்க, மணமகன் முதல் முடிச்சிட்டு, நாத்தனார் மற்ற இரண்டையும் முடிப்பதற்குள் அட்சதை பறந்து ஓய்ந்துவிடும். அத்தருணத்தில் நாலு பேர் மணையை வளைத்துக்கொண்டு நின்றால், பெண்ணின் பாட்டிக்குக் காணக் கிடைப்பது அவர்கள் முதுகுதான். அந்த நஷ்டத்தை எந்த ஆல்பமும் ஈடு செய்யாது.

ஆகையால், முதல் நாள் மாலையே சாஸ்திரிகளையும் படம் பிடிப்பவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிவிடுவது உசிதம். தாலி கட்டும்போது ஒருவர் மட்டும் ஓரமாக நிற்கட்டும். சப்தபதியிலும் அம்மி மிதிப்பதிலும் பாதமே பிரதானம். அவர் தரையில் உட்கார்ந்து எடுத்தால் யாருக்கும் மறைக்காது. வயோதிகர்களை ஊஞ்சல் வேளையிலேயே, பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட வேண்டும். படம் சரியில்லையென்று சடங்கை மறுபடி செய்யச் சொல்வது மட்டும் கூடவே கூடாது.

சபையில் கூடியிருப்போர் விவாகத்திற்குச் சாட்சிகள். அவர்கள் கண்ணுக்கு வழிவிட்டுப் படமெடுப்பவருக்கே அச்சாரம் கொடுப்போம்.