சிங்கருக்குள் புதையல் இல்லை

பாட்டி காலத்து சிங்கர் தையல் மிஷினைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு, 'நூறு வருஷப் பழசு, லட்சக்கணக்கில் போகும்' என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். வயதை அறிய, முதலில் அடிப்பாகத்தின் வலது பக்கம் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். 1900-க்கு முந்தையவற்றில் வெறும் எண்தான் இருக்கும். பிறகு முன்னால் எழுத்து சேர்ந்தது. 'ஒய்' என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை, 'ஜி' என்றால் அமெரிக்காவின் எலிசபெத் நகர ஆலை. ஊசிக்கு அருகே நகரும் தகட்டில் தேதிகள் இருந்தால் ஏமாறாதீர்கள், அவை காப்புரிமை பெற்ற தேதிகள். படகு போன்ற நீள ஷட்டிலை வைத்தும் வயதை முடிவு செய்ய முடியாது. வட்ட பாபின் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் நீள ஷட்டில் மிஷின்கள் விற்பனையில் இருந்தன.

விலை? கோடிக்கணக்கில் தயாரான பொருளுக்கு அபூர்வ மதிப்பு எங்கிருந்து வரும்! தங்கநிறச் சித்திரங்கள் தேயாமல், மரப்பெட்டியும் உதிரிகளும் முழுசாக இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவே. 2009-இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற விலையுயர்ந்த கற்பனைப் பொருள் இருக்கிறது என்ற வதந்தியை நம்பிப் பலர் ஆயிரக்கணக்கான ரியால் கொடுத்து வாங்கினார்கள். உள்ளே இருந்தது இரும்புதான். கலசத்தில் இரிடியம் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றும் நம்மூர் மோசடிக்கு அண்ணன்! அந்தப் பாதரசம் இருக்கிறதா என்று யாராவது செல்போனை உங்கள் மிஷின் ஊசியருகே வைத்துச் சோதித்து, விலை பேசி, முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.