வட்டிக்குத் தனிக் கணக்கு, சாவுக்கு?

அமெரிக்காவின் பல நகரங்களில் சாக்கடைக்குக் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மாமன்றத் தீர்மானம், மாநில அரசின் ஒப்புதல், தர மதிப்பீடு இருந்தால் போதும். மணி அடித்துப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டுவிடுவார்கள். 1998இல் அகமதாபாத் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் 100 கோடி ரூபாய் திரட்டியது. 2021இல் காசியாபாத் 150 கோடி, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க. அதற்குப் பெயர் 'பசுமைப் பத்திரம்'. பசுமையாம்! 2025இல் சென்னை, மழைநீர் வடிகாலுக்கு 200 கோடி.

இதில் பணம் போட்டவருக்கு என்ன பாதுகாப்பு என்று பாருங்கள் தோழர்களே. வசூலாகும் வரி முதலில் ஒரு தனிக் கணக்குக்குப் போகும். வட்டியை எடுத்துவைத்த பிறகுதான் மிச்சம் மாநகராட்சியின் கைக்கு வரும். ஒரு தவணை தவறினாலும் தர மதிப்பீடு சரியும், அதிகாரிகளுக்குத் தூக்கம் போய்விடும்.

பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அதற்கு எந்தத் தனிக் கணக்கு? 'அவர் ஒப்பந்ததாரரின் ஆள்' என்று கைகழுவுகிறார்கள். குடும்பம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது.

சாக்கடையைச் சீரமைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பொங்கினால் முதலில் புகுவது நம் சேரிக்குள்தான். ஆனால் அடைப்பெடுக்கும் இயந்திரமும் அதை ஓட்டுபவருக்கு நிரந்தர வேலையும் பத்திரத்தின் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். இழப்பீடும் அதே தனிக் கணக்கிலிருந்து, வட்டிக்கு முன்பாகக் கொடுக்கப்பட வேண்டும்.

உங்கள் ஊர் பத்திரம் வெளியிட்டால் அதன் ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். 'முதலீட்டாளர்' எத்தனை முறை வருகிறார், தூய்மைப் பணியாளர் எத்தனை முறை வருகிறார் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு மாமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.